கலிபோர்னியாவின் கவுண்டி உச்சிகளுக்குப் பாதையில்லாமல் நடப்பது எப்படி?

சான் ஹோசேயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இது பதில். நான்கைந்து ஆண்டுகளாக வார இறுதிகளில் பூங்காப் பாதைகளில் நடந்து பழகிய அவர், கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் உள்ள மிக உயர்ந்த இடத்தை ஒவ்வொன்றாகச் சென்று தொட்டுவிட வேண்டும் என்று பட்டியல் எடுத்திருக்கிறார். பலவற்றுக்குப் பாதையே இல்லை என்று தெரிந்ததும் தயங்கி நிற்கிறார். பாதையை விட்டு விலகி நடக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

பாதைகளில் ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நடப்பவருக்குக் கால்வலிமை போதும். போதாமல் இருக்கப்போவது வரைபடம் படிக்கும் பழக்கமும், ஏறும்போதே இறக்கத்தை நினைக்கும் பழக்கமும்தான். இந்த இரண்டையும் உயரம் குறைந்த, ஊருக்கு அருகிலுள்ள மலைகளில் ஓராண்டு பழகிக்கொண்டு, அதன் பிறகு உயரமான சியரா நெவாடா மலைத்தொடரின் பக்கம் போவது நல்லது. பயப்பட வேண்டியவற்றின் வரிசையும் பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. கரடியும் மலைச்சிங்கமும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவை. தவறான மலைக்கிளையில் இறங்குவதும், இருட்டில் புதருக்குள் சிக்குவதும், அசையும் பாறாங்கல்லில் கால் வைப்பதுமே முன்னால் நிற்பவை.

இந்த உச்சிகளில் பலவற்றுக்குப் பாதை ஏன் இல்லை என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. 1850இல் கலிபோர்னியா மாநிலமானபோது 27 கவுண்டிகள் இருந்தன. அவற்றை வெட்டியும் ஒட்டியும் பிரித்துக்கொண்டே போய், 1907இல் இம்பீரியல் கவுண்டி கடைசியாகப் பிறந்தது. கோடு போட்டவர்கள் ஆற்றையும் நீர்பிரி முகட்டையும் தீர்க்கரேகையையும் பார்த்துப் போட்டார்களே தவிர, எந்தக் கவுண்டிக்கு எந்தச் சிகரம் சேரும் என்று யோசித்துப் போடவில்லை. ஆகவே சில கவுண்டிகளுக்கு விட்னி, சாஸ்தா, லாசென் போன்ற பெயர்பெற்ற மலைகள் கிடைத்தன. வேறு சிலவற்றுக்கு, யாருக்கும் போக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு முகட்டின் விளிம்பு கிடைத்தது. பெயர்பெற்ற மலைக்குப் பாதை தானாகவே உண்டாகிவிடும். விளிம்புக்கு யார் பாதை போடுவார்கள்?

1850இல் மாநிலத்திலேயே மிகப் பரந்த கவுண்டியாக இருந்தது மரிபோசா. அதிலிருந்து துண்டு துண்டாகப் பிரித்துப் பல கவுண்டிகள் உண்டானதால் அதைக் கவுண்டிகளின் தாய் என்று அழைப்பதுண்டு. பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுத்த தாய்க்கு இன்று மிஞ்சியிருப்பது, யோசெமிட்டி தேசியப் பூங்காவின் உட்பகுதியில் பார்சன்ஸ் சிகரத்தின் வடமேற்கு முகட்டில், 12,000 அடிக்குச் சற்று மேலே உள்ள ஓரிடம். சிகரம் அதற்குச் சொந்தமில்லை. முகடு மட்டுமே சொந்தம். பிளேசர் கவுண்டியின் நிலை இன்னும் வேடிக்கையானது. டாஹோ ஏரிக்கு வடக்கே கலிபோர்னியாவுக்கும் நெவாடா மாநிலத்துக்கும் இடையிலான எல்லை, 120ஆவது மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி நேராக ஓடுகிறது. அங்குள்ள பால்டி மலையின் உச்சி நெவாடா பக்கம் விழுந்துவிட்டது. பிளேசரின் மிக உயர்ந்த இடம், அதே மலையின் மேற்கு முகட்டை எல்லைக்கோடு வெட்டும் புள்ளி. அங்கே போய் நின்றால் கண்ணெதிரே நிலம் இன்னும் உயர்ந்துகொண்டே போகும், ஆனால் உங்கள் கவுண்டி முடிந்துவிட்டிருக்கும். இத்தகைய எல்லைக்கோட்டு உச்சிகளில் மேடு, கல்குவியல், பெயர்ப்பலகை என்று அடையாளம் எதுவும் இருக்காது. ஜி.பி.எஸ். கருவியிலும் வரைபடத்திலும் சில மீட்டர் பிழை இருக்கும் என்பதால், கோடு என்று காட்டும் இடத்தைத் தாண்டி மேலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்புவது வழக்கம், சந்தேகம் தீர்ந்துவிடும். பெரும்பாலோர் எப்படியும் அண்டைக் கவுண்டிக்குரிய சிகரத்தையும் பார்த்துவிட்டே இறங்குவார்கள், அதில் தவறில்லை.

இதிலிருந்து எழும் அடுத்த கேள்வி, எது உண்மையிலேயே உயர்ந்த இடம் என்பது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் 1:24,000 அளவுள்ள வரைபடங்களில் மலைப்பகுதிகளுக்குப் பெரும்பாலும் 40 அடிக்கு ஒரு சம உயரக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு நீண்ட முகட்டின்மேல் ஒரே உயரத்தில் மூன்று மூடிய வளையங்கள் இருந்து, எதற்குள்ளும் உயர எண் அச்சிடப்படவில்லை என்றால், மூன்றில் எதுவும் மற்றவற்றைவிட ஏறக்குறைய 40 அடிவரை உயர்ந்திருக்கக்கூடும். பழைய வழக்கப்படி மூன்றின் மேலும் ஏறி நிற்பதுதான் நேர்மை. இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் லைடார் தரவு பல பகுதிகளுக்குப் பொதுவெளியில் கிடைப்பதால் வீட்டிலிருந்தபடியே இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். ஆனாலும் அடர்ந்த புதருக்குக் கீழே இருக்கும் ஒரு பாறையை லைடார் தவறாகப் படிக்கலாம் என்பதால், அருகில் இருக்கும் இன்னொரு மேட்டை நான் விட்டுவருவதில்லை. உயர எண்கள் இடத்துக்கிடம் வேறுபடுவதைக் கண்டும் குழம்ப வேண்டாம்: உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்ற பழைய அடிப்படையிலிருந்து 1988ஆம் ஆண்டின் அடிப்படைக்கு மாறியபோது மலைகளின் எண்கள் எல்லாம் சில அடிகள் கூடின. பழைய கணக்கில் 14,500 அடியை எட்டாத விட்னி இன்று 14,505 அடி என்று சொல்லப்படுவதற்கு அதுவே காரணம், மலை வளர்ந்துவிடவில்லை.

மலை குறைந்த கதை ஒன்று உண்டு. மரின் கவுண்டியின் டமால்பாய்ஸ் மலையில் முன்பு மேற்குச் சிகரம்தான் உயர்ந்தது, சுமார் 2,600 அடி. 1950களின் தொடக்கத்தில் விமானப்படை ரேடார் நிலையம் அமைப்பதற்காக அதன் தலையைச் சமப்படுத்தினார்கள். அதனால் 2,571 அடியுள்ள கிழக்குச் சிகரம் ஒரு விரற்கடைகூட உயராமலேயே கவுண்டியின் உச்சியாகிவிட்டது.

உச்சியை அடைந்தோம் என்று எதைச் சொல்வது என்பதற்கும் எழுதாத விதி ஒன்றுண்டு: இயற்கையான தரையில் அல்லது பாறையில் மிக உயர்ந்த இடத்தை உடலால் தொட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத டயப்ளோ மலை, 3,849 அடி, காண்ட்ரா கோஸ்டா கவுண்டியின் உச்சி. 1930களில் கட்டிய கல் கட்டடம் ஒன்று அதன்மேல் இருக்கிறது. உண்மையான உச்சிப் பாறை அந்தக் கட்டடத்தின் வட்டக் கூடத்துக்குள், தரையின் நடுவே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே நின்று காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், விதிப்படி பார்த்தால் உச்சியைத் தொடவில்லை. சான் டியேகோ கவுண்டியின் ஹாட் ஸ்பிரிங்ஸ் மலையில் இதற்கு நேர்மாறான ஏமாற்றம் உண்டு: காட்டுத்தீயைக் கண்காணிக்கும் பழைய கோபுரம் இருக்கும் இடம் உச்சியைப் போலத் தோன்றும், ஆனால் உயர்ந்த இடம் சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே நிற்கும் பெரிய பாறை, அதன்மேல் ஏறக் கையையும் காலையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

இனி நடைக்கு வருவோம். பாதையில்லாத நடையில் முதல் கருவி காகித வரைபடம், இரண்டாவது திசைகாட்டி, மூன்றாவதுதான் கைப்பேசி. கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் அதைப் போலப் பயனுள்ள பொருள் வேறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குளிரில் சட்டென்று சக்தியிழக்கும், பாறையில் விழுந்தால் உடையும், அதைவிட முக்கியமாக, நீங்கள் நிற்கும் புள்ளியை மட்டும் காட்டிச் சுற்றியுள்ள நிலத்தின் வடிவத்தை உங்கள் மனத்தில் பதியவிடாது. திசைகாட்டியைப் பொறுத்தவரை கலிபோர்னியாவில் காந்த விலக்கம் இப்போது ஏறத்தாழ 11 முதல் 14 பாகை கிழக்கு. முள் காட்டும் வடக்கு உண்மை வடக்கிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது என்று பொருள். 12 பாகையைத் திருத்த மறந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் சேர வேண்டிய இடத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். திறந்த மேட்டில் அது பெரிதல்ல, மரமடர்ந்த முகட்டில் அது வேறொரு மலைக்கிளை.

திசைகாட்டியைக்கூட எப்போதாவதுதான் கையில் எடுக்க வேண்டியிருக்கும். அன்றாடம் உதவுவது நிலத்தின் கோடுகளைப் பற்றிக்கொண்டு நடக்கும் முறை: ஓர் ஓடை, ஒரு முகடு, ஒரு பழைய வேலி, இவற்றில் ஒன்றை மாடிப்படியின் கைப்பிடிபோல ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு போவது, அதைத் தாண்டினால் அதிகம் வந்துவிட்டோம் என்று சொல்லக்கூடிய மற்றொரு கோட்டை முன்கூட்டியே குறித்துவைப்பது. சாலையோரம் நிறுத்திய காருக்குத் திரும்பும்போது நேராகக் காரையே குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே இடப்பக்கமாக ஒரு 300 மீட்டர் தள்ளிக் குறிவைத்தால், சாலையை அடைந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமே இருக்காது. நேராகக் குறிவைத்து வந்தவருக்குச் சாலையை அடைந்த பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இறக்கத்தைப் பற்றி. ஏறும்போது முகடுகள் எல்லாம் ஒன்றுசேரும். எந்த மலைக்கிளையில் தொடங்கினாலும் மேலே போகப் போக உச்சியில் கொண்டுபோய் விடும், தவறுவதற்கு வழி குறைவு. இறங்கும்போது அதே முகடுகள் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், ஒரு முடிவு பிசகினால் கீழே போகப் போகச் சரியான கிளைக்கும் உங்களுக்கும் இடையே பள்ளம் ஆழமாகிக்கொண்டே வரும். அதனால் ஏறும்போது ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பி, கீழே பார்த்து, அந்த இடம் இறங்குபவரின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். உச்சியில் கிளம்புமுன் திசைகாட்டியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முதல் 50 மீட்டரில் ஏற்படும் தவறே பெரும்பாலும் முழு நாளையும் கெடுக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தென்கலிபோர்னியாவில் புதர் மண்டிய ஒரு மலையில், 4,000 அடிகூட இல்லாத உயரம், பிற்பகல் 3 மணிக்கு உச்சியில் பழம் தின்றுவிட்டு உற்சாகமாகக் கிளம்பியவன், வந்த கிளைக்குப் பக்கத்துக் கிளையில் இறங்கிவிட்டேன். கால் மணி நேரத்தில் தவறு தெரிந்தது. அப்போதே திரும்பி ஏறியிருந்தால் அரை மணி நேரம்தான் இழப்பு. நான் சோம்பல்பட்டு, நடுவிலுள்ள பள்ளத்தைக் குறுக்கே கடந்துவிடலாம், 400 மீட்டர்தானே என்று இறங்கினேன். அந்த 400 மீட்டருக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசிப் பகுதியைத் தலைவிளக்கின் வெளிச்சத்தில் தவழ்ந்தே கடந்தேன். சட்டையின் ஒரு கை அங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து தவறு தெரிந்தால் திரும்பி மேலேறுவது என்பதை நான் மீறுவதில்லை.

அந்தப் புதரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலோர மலைத்தொடர்களிலும் தெற்கிலும் கவுண்டி உச்சிகளைக் காவல் காப்பது சப்பரால் எனப்படும் புதர்க்காடு: மன்சனீட்டா, சமீஸ், குட்டைக் கருவாலி. இலைகள் தடித்தும் சிறுத்தும், கிளைகள் கம்பிபோல் இறுகியும், ஆளுயரத்துக்குப் பின்னிக்கிடக்கும். இதை வெட்டிக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. விலங்குகள் போட்ட தடத்தையும், பாறை தெரியும் இடங்களையும், முகட்டின் மிக உச்சமான கோட்டையும் இணைத்துப் போக வேண்டும். காட்டுத்தீ எரிந்த அடுத்த ஆண்டில் இதே இடம் திறந்த மைதானம்போல் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து முன்பைவிட அடர்த்தியாக முளைத்திருக்கும். எனவே பழைய பயணக் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போது, அது எழுதப்பட்ட ஆண்டையும் அந்த மலை கடைசியாக எப்போது எரிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எரிந்த மரக்காட்டில் நேர்மாறான ஆபத்து: நின்றபடி செத்த மரங்கள் காற்றில்லாத நாளிலும் சாயும், அவற்றினடியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

சுமார் 5,000 அடிக்குக் கீழே நச்சுக் கருவாலி என்று பெயர் சொல்லத்தக்க பாய்சன் ஓக் செடி உண்டு. பெயரில்தான் கருவாலி, உண்மையில் அது மாமரமும் முந்திரியும் சேர்ந்த குடும்பம். நம் ஊரில் துணிக்குக் குறியிடச் சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய சேராங்கொட்டையின் சொந்தக்காரன் என்று சொன்னால் உங்கள் பாட்டிக்குச் சட்டென்று புரியும். கொப்புளம் போட்டு வெடிக்கும் அதே குணம். மூன்று மூன்றாக நிற்கும் இலைகளைக் கண்டுகொள்வது எளிது, குளிர்காலத்தில் இலையில்லாத வெறும் குச்சியைக் கண்டுகொள்வதுதான் கடினம். அந்தக் குச்சியிலும் எண்ணெய் உண்டு. உடையிலும் காலணி நாடாவிலும் அது மாதக்கணக்கில் தங்கும். முழுக்கைச் சட்டை, தடித்த காற்சட்டை, தோல் கையுறை மூன்றும் அவசியம். வீடு திரும்பியதும் உடையைத் தனியாகத் துவைத்து, குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் குளித்துவிடுங்கள். உண்ணிகளையும் அப்போதே தேடிப் பார்த்துவிடலாம், ஏனெனில் லைம் நோயைப் பரப்பும் மேற்கத்திய கருங்கால் உண்ணி இதே புதர்களில் வாழ்கிறது. சாரைப்பாம்புக்கு இருக்கும் கூச்சம் கிலுகிலுப்பைப் பாம்புக்குக் கிடையாது, அது நகராமல் படுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வைக்காதிருந்தால் போதும். இந்த மலைகளுக்கெல்லாம் நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

சியராவில் நிலமே வேறு. மரவரம்புக்கு மேலே புதரும் இல்லை, வழிதவறும் வாய்ப்பும் குறைவு. அங்கே எதிரி கல். பனியாறுகள் விட்டுச்சென்ற பாறாங்கல் சரிவுகளில் குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள கற்கள்கூட ஆடும். ஒவ்வொரு கல்லையும் ஆடக்கூடியதாகவே கருதி, உடல் எடையை முழுதும் வைப்பதற்கு முன் சோதித்து, கல்லின் நடுவில் அல்லாமல் மலைப்பக்க விளிம்பில் கால்வைத்து நடக்க வேண்டும். ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் நடக்கக் கூடாது. கோடைப் பிற்பகல்களில் இடிமின்னல் திரளும் என்பதால், நண்பகலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிடும்படி விடியுமுன் கிளம்புவது வழக்கம். கடினத்தைக் குறிக்க 1937இல் சியரா கிளப் என்ற மலை ஆர்வலர் அமைப்பு கொண்டுவந்த ஐந்து தரங்கள் இன்றும் பயன்படுகின்றன: முதல் தரம் சாதாரண நடை, இரண்டாவது அவ்வப்போது கையூன்றும் நடை, மூன்றாவது கையால் பிடித்து ஏறுவது, நான்காவதில் விழுந்தால் உயிர் போகலாம் என்பதால் பலர் கயிறு போடுவார்கள், ஐந்தாவது முழுமையான பாறையேற்றம். இறங்கும்போது மூன்றாம் தரம் நான்காம் தரமாகத் தோன்றும் என்பதை எண்ணிக்கொண்டு, ஏறிய இடத்தில் இறங்க முடியாது என்று தோன்றினால் ஏறாதிருப்பதே சரி.

இதே பட்டியலில் உயரமும் கடினமும் எவ்வளவு பொருந்தாமல் கிடக்கின்றன என்பது வியப்பானது. மோனோ கவுண்டியின் ஒயிட் மவுண்டன் சிகரம் ஏறத்தாழ 14,250 அடி. ஆனால் உச்சிவரை பழைய வண்டிப்பாதை போகிறது, கோடையில் மூச்சிரைப்பைத் தவிர வேறு தடையில்லை. அதைவிடச் சில அடிகளே தாழ்ந்த, ஃபிரெஸ்னோ கவுண்டிக்குரிய நார்த் பாலிசேடுக்குக் கயிறும் பாறையேற்றப் பயிற்சியும் வேண்டும். 1903இல்தான் முதன்முதலாக அதன்மேல் மனிதர்கள் நின்றதாகப் பதிவு இருக்கிறது. இடைப்பட்டவை இரண்டு: மதேரா கவுண்டியின் ரிட்டர் சிகரம், 1872இல் இயற்கையாளர் ஜான் மியூர் தனியாக ஏறியது, டுவாலமி கவுண்டியின் லயல் சிகரம், 1871இல் முதலில் ஏறப்பட்டது. லயலின் வடக்குச் சரிவிலுள்ள பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டது என்று 2013இல் தேசியப் பூங்காத் துறை அறிவித்தது. பனி சுருங்கச் சுருங்க அதன் அடியிலிருந்து வழுவழுப்பான பாறையும் நிலைகொள்ளாத கற்களும் வெளிப்படுவதால், பழைய குறிப்புகளில் பனிமேல் எளிதாக நடந்ததாக எழுதியிருக்கும் பகுதியை அப்படியே நம்பாதீர்கள்.

நிலம் யாருடையது என்ற கேள்வியைக் கிளம்புமுன் தீர்த்துக்கொள்ளுங்கள். தேசிய வனங்களிலும் மத்திய அரசின் பொது நிலங்களிலும் பாதையை விட்டு நடப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை, ஆனால் காட்டுத்தீக் காலத்தில் முழு வனமும் மூடப்படலாம். 2020 செப்டம்பரிலும் 2021 ஆகஸ்ட் இறுதியிலும் மாநிலத்தின் தேசிய வனங்கள் கூண்டோடு மூடப்பட்டன. மாநிலப் பூங்காக்களில் சிலவற்றில் பாதையை விட்டு இறங்கவே கூடாது. ஹாட் ஸ்பிரிங்ஸ் மலை லாஸ் கயோட்டீஸ் பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. அவர்கள் அனுமதிக்கும் நாள்களில், அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்துத்தான் போக வேண்டும். சான் பெனிட்டோ கவுண்டியின் உச்சியான சான் பெனிட்டோ மலையைச் சுற்றியுள்ள மண்ணில் இயற்கையாகவே ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறது. தூசியைச் சுவாசிப்பதால் வரும் ஆபத்து ஆய்வில் தெரிந்ததும் 2008இல் அப்பகுதியை மூடினார்கள், பிறகு அனுமதிச் சீட்டு முறையில் திறந்தார்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில் போய், காலணியை வீட்டுக்கு வெளியிலேயே கழுவுவதே அறிவுடைமை. தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். கேட்டால் மறுப்பார்கள் என்று இரவில் வேலி தாண்டுபவர்கள் உண்டு. ஒருவர் தாண்டிய வேலி, கேட்டு வரும் பத்துப் பேருக்கும் மூடிவிடுகிறது.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதியைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். பாதையில்லாத இடத்தில் இதை இரண்டால் பெருக்குங்கள், பாறாங்கல் சரிவில் மூன்றால். புதரில் கணக்கே கிடையாது. திரும்ப வேண்டிய நேரத்தை வீட்டிலேயே தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள், ஏனெனில் உச்சிக்கு 100 மீட்டர் கீழே நிற்கும் மனிதனின் மூளை அந்தத் தீர்மானத்தை எடுக்கத் தகுந்த நிலையில் இருக்காது. எந்தக் கவுண்டியில், எந்த முகட்டில் ஏறி எதில் இறங்குவீர்கள், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். கலிபோர்னியாவில் மலையில் காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு அந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபுக்கு உரியது என்பதால், எல்லைமுகடுகளில் நடப்பவர் கவுண்டியின் பெயரைத் தெளிவாக எழுதுவது மிகவும் உதவும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு பேராகப் போனால், பாதையில் நடப்பதுபோல் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவி நடக்க வேண்டும்; புல்வெளியில் ஒரே கோட்டில் எட்டுக் கால்கள் மிதித்தால் அடுத்து வருபவர் அதைப் பாதை என்று நம்பிவிடுவார். பாறை, மணல், பனி ஆகியவற்றின்மேல் கால்வைப்பதைத் தேர்ந்தெடுங்கள். மரத்தில் நாடா கட்டுவதும் கல்லடுக்கி அடையாளம் வைப்பதும் வேண்டாம்.

தொடங்குவதற்கு உங்கள் ஊரைச் சுற்றிப் பாதையும் சாலையும் உள்ளவற்றை முடித்துவிடுங்கள்: சாண்டா கிளாரா கவுண்டிக்கு லிக் வானாய்வகத்துக்கு அருகிலுள்ள கோப்பர்னிகஸ் சிகரம், டயப்ளோ, டமால்பாய்ஸ், சான் பிரான்சிஸ்கோவின் 928 அடி டேவிட்சன் மலை. அவற்றிலும் வரைபடத்தைக் கையில் வைத்து, நிலத்தைப் பார்த்துக் கோட்டைப் படித்துப் பழகுங்கள். ஆகஸ்டில் சோனோரா கணவாய்க்குப் போய், ஆல்பைன் கவுண்டிக்குரிய சோனோரா சிகரத்தில், 11,459 அடி, பாதையை விட்டு முதல்முறை ஏறிப் பாருங்கள். மரங்களற்ற திறந்த சரிவு, நெடுஞ்சாலை கீழே கண்ணுக்குத் தெரியும், தவறுகளை மன்னிக்கும் மலை. அடுத்த கோடையில் பிளேசரின் எல்லைமுகடு, அதன்பின் மரிபோசா, லயல், ரிட்டர் என்று போகலாம். நார்த் பாலிசேடுக்கு வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை, நானும் அப்படித்தான் ஏறினேன்.

உயரத்தில் மிகச் சாதாரணமான சட்டர் கவுண்டியின் சவுத் பட் மட்டும், ஏறத்தாழ 2,100 அடி, என் பட்டியலில் இன்னும் கோடிழுக்கப்படாமல் இருக்கிறது. சமவெளியின் நடுவே தனியாக எழும் அந்த எரிமலைக் குன்றுகள் பெரும்பாலும் தனியார் மேய்ச்சல் நிலம். நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். அனுமதி கேட்டு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.